கிளுவை முள் திறந்த அலுமாரி

பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவது லேசு. பழக்க இடம் தந்த பெரிய மனிசரைப் பழக்குவதுதான் பாடு. சம்பளமில்லாத் தொண்டராக எங்காவது மாட்டுப்பட்டவர்களுக்கு இது விளங்கும்.

நான் மாட்டுப்பட்டது கோப்பாயில். மின்சாரமும் பெற்றோலும் இல்லாமல் யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடிய காலம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த பிள்ளைகளுக்குச் சைக்கிள் திருத்தப் பழக்கவென்று ஒரு சங்கம் நிலையம் தொடங்கியது. பழகி முடிக்கிறவருக்கு ஆளுக்கொரு கருவிப் பெட்டி. உயர்தரம் எழுதிவிட்டு கம்பஸ் அனுமதிக்குக் காத்திருந்த என்னை வாத்தியாராக்கினார்கள். என் குரல் முன்வாங்கில் இருக்கிற பிள்ளைக்கே கேளாது.

பூதத்தின் அரைஞாண்

கருவிகள் வந்திறங்கிய அன்றே சங்கத் தலைவர் ஐயா அவற்றைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி, திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டார். பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்டாமல் ஒரு குறடுகூட வெளியே வரக்கூடாதாம். புதையல் காக்கிற பூதத்தைப் பற்றி அம்மப்பா எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார். அது வேட்டி கட்டி வந்ததை நான் அங்கேதான் கண்டேன்.

விருந்தினரோ வந்தபாடில்லை, ஒரு கிழமை ஷெல்லடி, மறு கிழமை செத்தவீடு. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, "இதாலை ரயரைக் கழற்றிறது, இதாலை ரியூப்பைச் சுரண்டுறது" என்று விரலால் காட்டிப் படித்தோம். வகுப்பு முடிய சீலன் என்ற பெடியன் எழும்பினான்.

"அண்ணை, இண்டைக்கு வாயாலை பஞ்சர் ஒட்டிப்போட்டம். நாளைக்குக் காத்தும் வாயாலைதானோ அடிக்கிறது?"

சனம் கதைக்கும்

மலர் தீவுப்பக்கத்தால் வந்தவள், பதினேழு வயது. தகப்பன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்குக் கைகொடுத்துப் பழகியவள். இப்போது கடையும் இல்லை, தகப்பனும் இல்லை. அந்தக் கருவிப் பெட்டி கிடைத்தால் சந்தியில் கொட்டில் போட்டு, தாயையும் தம்பிமாரையும் நிவாரண வரிசையிலிருந்து எடுத்துவிடலாம் என்றாள். அவளையும் சைக்கிள் வகுப்பில் சேர்க்கும்படி நான் தலைவரிடம் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. பிறகு அவளே போய்ச் சொன்னாள்.

"பொம்பிளைப்பிள்ளையளுக்குத் தையல் இருக்குப் பிள்ளை" என்றார். தையல் வகுப்பில் இருந்தது ஒரு மெசின், அதற்கும் ஊசியில்லை. "நீ சைக்கிளுக்குப் பக்கத்திலை குந்தினா சனம் என்ன கதைக்கும்?"

"ஷெல்லடிக்கேக்கை பங்கருக்குள்ளை ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் ஒண்டாத்தானே ஐயா குந்துறம். அப்ப ஒருத்தரும் கதைக்கேல்லையே."

செயல்முறைப் பயிற்சி

அப்படியும் அவளைத் தையலுக்குத்தான் அனுப்பினார்.

கடைசியில் விருந்தினர் வர ஒரு நாள் குறித்தாயிற்று. பிள்ளைகளுக்குக் கைவேலைப் பயிற்சி போதாது என்று தலைவருக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. நிலையத்துக்கு வருகிற ஒழுங்கையில்தான் அவர் வீடும். எல்லாரையும் கூட்டிப்போய்த் தன் கிளுவை வேலியை வெட்ட விட்டார். தையல் வகுப்பும் வந்து வெட்டலாமாம். வேலி வெட்டினால் சனம் கதைக்காது போல. ஒழுங்கையில் வெட்டி விழுத்தின முள்ளுக் கொப்புகளைக் கூட்டி அள்ளுவமா என்று கேட்டேன். "அதைப் பிறகு பாப்பம், முதல் தோரணத்தைக் கட்டும் தம்பி" என்றார்.

சீலன் கையிலிருந்த கீறலை எனக்குக் காட்டினான்.

"சைக்கிள் திருத்திறதிலை இது எத்தினையாம் பாடம் அண்ணை?"

நாடா வெட்டிய பிறகு

விருந்தினர் வந்தார், பட்டுவேட்டியோடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு. முன் ரயரில் கிளுவை முள்.

விளக்கேற்றி, நாடா வெட்டி, அலுமாரியும் திறந்தாயிற்று. "எங்கடை பிள்ளையள் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சர் ஒட்டுவினம்" என்று தலைவர் முழங்கினார்.

"அப்ப என்ரையை ஒட்டித் தாங்கோ. இருட்டமுதல் திருநெல்வேலிக்குப் போகவேணும். ஹெலி சுத்துது" என்றார் விருந்தினர்.

தலைவர் சீலனைப் பார்த்தார். "நாங்கள் இன்னும் ஒண்டையும் தொட்டுப் பாக்கேல்லை ஐயா." தலைவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து எனக்குக் கை சுளுக்கிக்கொண்டது. அது பொய்யென்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"மலருக்குத் தெரியும்" என்றேன். என் குரல் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மலர் வந்தாள். ரயரை அமத்திப் பார்த்தாள். குந்தவில்லை.

"ஒட்டலாம் ஐயா. ஆனா நான் தையல் வகுப்பெல்லோ. சைக்கிளுக்குப் பக்கத்திலை குந்தினா சனம் கதைக்கும்."

சனமெல்லாம் கதிரைகளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. விருந்தினர் வானத்தைப் பார்த்தார். தலைவர் வியர்வையைத் துடைத்தார்.

"நீ குந்து பிள்ளை! நாளைக்கும் சைக்கிள் வகுப்பிலையே வந்து குந்து. சனத்தோடை நான் கதைக்கிறன்."

இப்போது, பழகி முடித்துப் பெட்டி வாங்கி மலர் சந்தியில் போட்ட கொட்டிலைக் காட்டி, "நாங்கள் ஆளாக்கின பிள்ளை" என்று தலைவர் ஐயா சொல்லித் திரிகிறார். நானும் மறுப்பதில்லை, அந்த முள் அவர் வீட்டு வேலியில் வெட்டியதுதானே.