கரும்பலகையில் வந்த திருத்தம்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த இன்னாசி, தினமும் காலையில் கடைவாசல் கரும்பலகையில் ஊர்ச் செய்தி எழுதுவார். 1956இல் ஒருவர் பெயரைப் போட்டு எழுதியதற்கு அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. வேறு ஆளாக இருந்தால் பலகையை அடுப்பில் வைத்திருப்பார். இன்னாசியோ பழைய சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, பஞ்சர் ஒட்டிய பசை காயும் நேரமெல்லாம் படித்தார். பெயர் போடாவிட்டாலும் ஆள் இன்னாரென்று தெரிந்தால் அவதூறுதான் என்று அதில் இருந்தது. விடுவாரா மனுஷன்?

அடுத்த வாரம் யாரென்று யாருக்கும் பிடிபடாதபடி எழுதினார்: "கண்மாய் மடையை ஒருவர் தம் வயலுக்கு மட்டும் திறந்துகொள்கிறார்."

மத்தியானத்துக்குள் மூன்று பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, "என்னைப் பத்தி எப்படிய்யா எழுதலாம்?" என்று சத்தம் போட்டார்கள்.

கடைசியாக வந்தவரிடம் இன்னாசி பணிவாகச் சொன்னார்: "நான் ஒருத்தரைத்தாங்க எழுதினேன். நீங்க மூணாவது ஆளா வந்திருக்கீங்க."

மறுநாள் பலகையில் இருந்தது:

"திருத்தம். நேற்றைய செய்தியில் 'ஒருவர்' என்று வந்தது தவறு. 'மூவர்' என்று படிக்கவும்."