சத்து மாத்திரை

கட்டுமாவடியில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ போக வேண்டியிருந்தால், முதலில் கலீல் ரஹ்மான் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சவுதியில் தம்மாமில் பதினாறு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து, கடற்கரை ரோட்டில் மீனுக்கு ஐஸ் விற்கும் கடை வைத்திருந்தார். ஐஸ் வியாபாரம் சுமார்தான். பேச்சுதான் அவருக்கு உண்மையான தொழில். மணமேல்குடியில் மூன்று மாதம் தூங்கிக் கிடந்த ஒரு பட்டாவை ஒரே காலையில் எழுப்பிக் கையோடு கூட்டிவந்தவர் என்று பெயர். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் நோயாளி வாயைத் திறக்கவே வேண்டாம். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, வயிறு எப்படிப் போகிறது என்பது வரை கலீலே ஒப்பித்துவிடுவார். வலிக்கிறவன் பக்கத்தில் தலையாட்டினால் போதும்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி ஜெய்னப்புக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, இப்போது என்ன சொல்ல வருகிறாள் என்று எல்லாவற்றையும் அவரே சொல்லுவார். பெரும்பாலும் சரியாகவும் சொல்லிவிடுவார், அதுதான் வினை.

அவர் தம்மாமில் இருந்தபோது ஜெய்னப்புக்கு இரண்டாவது குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. உடம்பு தேறியது, ஆள் தேறவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மகள் பாசிலா வெறும் டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூடம் போய்வருவாள். லீவு போட்டு வந்த கலீல், மனைவியை மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். பக்கத்து ஊர்களில் காட்டினால் நம்மூர்க்காரன் எவனாவது வாசலில் உட்கார்ந்திருப்பான் என்பது அவர் கணக்கு. டாக்டர் தினம் ஒன்றாகச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஜெய்னப் பழையபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து கலீல் தனியாகப் போய் அழுததை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாத்திரைக்கு ஊருக்காக ஒரு பெயர் வேண்டியிருந்தது. ரத்தம் கம்மி, சத்து மாத்திரை சாப்பிடுகிறாள் என்று சொல்லிவைத்தார். அட்டைகள் ஜவ்வரிசி டப்பாவுக்குள் போயின. பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு, தாய்க்குப் புத்தி சரியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் எவன் வாசப்படி ஏறுவான்? ஊரை ஏமாற்ற வைத்த பெயர், நாளாக நாளாக அவர்கள் இருவர் நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. சத்து மாத்திரை தீர்ந்துபோச்சு என்று அவளே சொல்லுவாள். அவரும் பேராவூரணிக்குப் போய், பழைய சீட்டைக் காட்டி வாங்கிவருவார். மதுரைக்குப் போவது எப்போதோ நின்றுபோயிருந்தது.

ஜெய்னப்பின் மார்பில் கட்டி வந்தபோது பாசிலாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். தஞ்சாவூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு டாக்டர் ஐந்து வருஷத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். கட்டிக்குத் தீனி போடுகிற ஹார்மோனை அது மறித்து நிறுத்திவிடும், ஒரு நாளும் விடக்கூடாது, வேறு மருந்துகளோடு சில சமயம் ஒத்துப்போகாது என்று விளக்கினார். அன்றைக்குத் துணைக்கு என்று மாப்பிள்ளையின் அக்கா ஹுமாவும் வந்து அதே அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

ஜெய்னப் கணவரைப் பார்த்தாள். கலீல் ஓரக்கண்ணால் ஹுமாவைப் பார்த்தார்.

"இல்லைங்க டாக்டர். சத்து மாத்திரை மட்டுந்தான்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

நிக்காஹ் முடியட்டும், தனியாக வந்து சொல்லிவிடலாம் என்று கலீல் நினைத்தார். நிக்காஹ் முடிந்தது. பாசிலா உண்டானாள், பேரன் பிறந்தான், சுன்னத் ஆனது. சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோனது. அப்புறமும் வேண்டுமென்றே மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியதுண்டு.

ஒத்துப்போகாது என்று டாக்டர் சொன்ன சொல்லை மட்டும் அவர் மறக்கவில்லை. சாப்பாட்டில் எதையும் விலக்க வேண்டியதில்லை, வேறு மருந்து என்றால் மட்டும் எங்களைக் கேளுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். கலீல் கேட்பாரா? பத்தியம் இல்லாமல் ஒரு மருந்தா? இறால் கரப்பான், கருவாடு கரப்பான், உடம்பில் அரிப்பைக் கிளப்பும், கத்தரிக்காயும் ஆகாது என்று ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு விரட்டினார். ஜெய்னப்புக்கு இறால் என்றால் உயிர். மீன்கடை பிச்சைமுத்துவின் மனைவி அழகம்மாள் ஆசையாகக் கொடுத்துவிட்ட இறால் குழம்பை, மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். அந்த ஹார்மோன் மாத்திரையால் ஜெய்னப்புக்கு உடம்பு திடீர் திடீரென்று தீயாய்க் காந்தும், வேர்த்துக் கொட்டும். அதற்கு யாரோ கொடுத்த நாட்டு மருந்துப் பொடியைச் சாக்கடையில் கொட்டினார். தலைவலி மாத்திரைக்குக்கூட தஞ்சாவூருக்குப் போன் போட்டுக் கேட்டார். விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடம் எல்லாம் அவளுக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட, நாளடைவில் கூப்பிடுவதும் குறைந்தது. அவளும் வீட்டோடு இருந்துகொண்டாள்.

தினம் காலையில் பசியாறியதும், ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து மாத்திரையைத் தன் கையாலேயே கொடுப்பார். ஹார்மோன் மாத்திரை ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போகும்போது, ஒரு கொறையும் இல்லைங்க என்று அவரே டாக்டரிடம் சொல்லிவிட்டு வருவார்.

நாலாவது வருஷம் ஒரு நாள் ஜெய்னப் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்ததில் நோய் எலும்புக்கு வந்திருந்தது. பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த பெண் டாக்டர் வலி எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, மூணு வாரமா என்று கலீல் சொன்னார். வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும், சாப்பிடுவதோ சாப்பிடாததோ, பையில் போட்டு மறுநாள் கொண்டுவரச் சொன்னாள் அவள். ஜவ்வரிசி டப்பாவை ஜெய்னப்தான் எடுத்துப் பையில் வைத்தாள். கலீல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்த முறை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் மேஜையில் அட்டைகளைப் பரப்பினாள். வெள்ளை மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தவள், பழைய பைலைப் புரட்டினாள்.

"இதுல சத்து மாத்திரைன்னு எழுதியிருக்கு. இது சத்து மாத்திரை இல்லையே."

எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார்கள் என்று டாக்டர் கேட்க, பதிமூணு வருஷமா என்று ஜெய்னப் சொன்னாள்.

டாக்டர் பொறுமையாகவே சொன்னாள். ஹார்மோன் மாத்திரை அப்படியே வேலை செய்யாது, உடம்புதான் அதை மாற்றி வேலை செய்ய வைக்க வேண்டும், இந்த வெள்ளை மாத்திரை அப்படி மாற்ற விடாமல் தடுத்துவிடும். மனசுக்கு, ஹார்மோன் மாத்திரையோடு ஒத்துப்போகிற வேறு மாத்திரைகள் இருக்கின்றன, அன்றைக்கே தெரிந்திருந்தால் மாற்றி எழுதியிருப்பார்கள். இப்போதும் பட்டென்று நிறுத்திவிடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

"அதனாலதான் திரும்ப வந்துச்சாம்மா?" என்று கலீல் கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. சரியா மருந்து சாப்பிட்டவங்களுக்கும் திரும்ப வருது. ஆனா ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டிருக்கக் கூடாது."

ஆமாம் என்றிருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பார். இல்லை என்றிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும். இரண்டும் இல்லாத அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பட்டுக்கோட்டை தாண்டும் வரை அவர் பேசவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரு பயணத்தை ஜெய்னப் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார் கடைசியில்.

"நானுந்தானே பக்கத்துல ஒக்காந்திருந்தேன்" என்றாள் ஜெய்னப். "வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. நீங்க சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பேராவூரணி வந்ததும், இறால் திங்க வேண்டும் போலிருக்கிறது என்றாள்.

மறுநாள் காலை பிச்சைமுத்து கடையில் அரைக்கிலோ இறால் கேட்டார். பிச்சைமுத்து தராசைத் தொடவில்லை.

"அக்காவுக்கு ஆகாதே பாய்? எங்க வீட்டுக் கொழம்பையே திருப்பி விட்டீங்களே."

"எறால் ஒண்ணும் பண்ணலப்பா. ஆகாததத்தான் நாலு வருஷமா என் கையாலயே குடுத்தேன்."

பிச்சைமுத்துவுக்குப் புரியவில்லை. கலீல் புரியவைத்தார். கடையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அது சத்து மாத்திரை இல்லை, மனசுக்குக் கொடுத்தது, நான்தான் பெயரை மாற்றினேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். கேட்டவர்கள் மறுபடி மீன் விலை பேசத் தொடங்கினார்கள். பயந்தது இதற்குத்தானா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பிச்சைமுத்து நல்ல இறாலாகப் பொறுக்கிப் போட்டான்.

பத்து நாள் கழித்து மறுபடி தஞ்சாவூர் போனார்கள். டாக்டர் பைலைத் திறந்து, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஜெய்னப் வழக்கம்போல் கணவரைப் பார்த்தாள். கலீல் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் காத்திருந்தாள். ஜெய்னப் இரண்டு முறை தொண்டையைச் செருமினாள்.

"இப்பக் கொஞ்சம் பரவால்லை டாக்டர்."

"மூணு வாரமா இருக்குன்னு எழுதியிருக்கு. சரிதானே?"

"இல்லைங்க" என்றாள் ஜெய்னப். "ஒன்றரை வருஷமா இருக்கு."