ஒரு கையால் குளித்தவள்

அன்று வீட்டில் நான் இருந்தேன். என் மனைவி செல்லம்மா இருந்தாள். மாடியில் குடியிருந்த முத்தையா அண்ணன் இருந்தார். அவர் தம்பி ராசு இருந்தான்.

ஜாலான் புசார் தெருவில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடு அது. குளியலறை ஒன்றுதான். ஆண்கள் நாங்கள் பின்சந்துக் குழாயடியில் குளிப்போம். கதவு தேவைப்பட்டது செல்லம்மாவுக்கு மட்டும். கீல் துருப்பிடித்துவிட்டது என்று பலமுறை சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றே சொல்லி வந்தேன். இத்தனைக்கும் நான் இரும்புக் கடையில் கீல் விற்கிறவன்.

அன்று அவள் குளிக்கும்போது கதவு பெயர்ந்து விழுந்தது.

"அக்கா, கதவும் குளிக்க வந்துருச்சு லா!" என்றான் ராசு. அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றும் அதற்காக என்னையே அறையத் தோன்றுகிறது.

மாரில் கட்டிய ஈரக் கைலியோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஒரு கையால கதவப் புடிச்சுக்கிட்டுத்தான் தெனமும் குளிக்கிறேன். இன்னைக்குக் கண்ணுல சோப்பு பட்டுச்சு, கைய எடுத்துட்டேன். சிரிங்க, நல்லா சிரிங்க."



உடனே கடைக்குப் போய்ப் புதுக் கீல் கொண்டுவந்து மாட்டினேன். அரை மணி நேர வேலை.

"எத்தன மாசமா அப்படிக் குளிச்சே?" என்று கேட்டேன்.

"ஏழு."