எண்ணெய் போடாத கேட்

அந்தத் தெருவில் தையல் என்றால் அவள்தான். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, இடுப்பு பிடிக்காத பாவாடை, கல்யாணத்துக்கு முதல் நாள் கிழிந்துபோன ரவிக்கை, எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். தையல்காரம்மா என்று எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். மெஷினை முன்னறை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தாள். கை துணியில் இருக்கும், கால் மிதிப்பலகையில் இருக்கும், காது மட்டும் வாசலில் இருக்கும். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று அவள் மகள் கேலி செய்வாள். அந்த மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கவலைப்பட மிச்சம் இருந்தது வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் அந்த விஷயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்றி வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். கடைக்குப் போனால் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்வார். மாலையில் கடையைப் பூட்டும்போதுதான் எழுந்திருப்பார். கம்பி எடுக்கக்கூட எழுந்திருக்க வேண்டாதபடி எல்லாவற்றையும் கைக்கெட்டுகிற தூரத்தில் அடுக்கி வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு. ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டு, "பின்பக்க பேரிங் தேய்ஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அவ்வளவு நல்ல காது, பெண்டாட்டி சொல்வதற்கு மட்டும் திறக்காது.

ஒரு நாள் அந்த ஸ்டூலிலேயே அவருக்கு நெஞ்சு அடைத்து, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். ஊசி மருந்து, பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ரெண்டு இடத்துல அடைப்பு ஆரம்பிச்சிருக்கு. இப்போதைக்கு மாத்திரை போதும். ஆனா நடக்கணும். தினம் நடக்கணும். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை உங்க காலுதான் செய்யணும்."

"கால் வலிக்குது டாக்டர்" என்றார் அவர்.

"நடக்காததாலதான் வலிக்குது" என்ற டாக்டர், அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்க பாத்துக்கங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா, இங்க கொண்டு வந்து சேர்க்க நேரம் இருக்கும்னு சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியம் அவள் காதை விட்டுப் போகவில்லை. காஜா எடுக்கும்போதும் அதுதான், பட்டன் தைக்கும்போதும் அதுதான். அவரோ வீட்டுக்கு வருகிற வழியிலேயே அதை உதறிவிட்டு, "டாக்டர்னா அப்படித்தான் மிரட்டுவாங்க" என்றார்.

முதலில் காலை நேரத்தில் பூங்காவுக்கு அனுப்பினாள். வேண்டா வெறுப்பாகக் கிளம்பிப் போனார். ஒரு வாரம் ஒழுங்காகப் போய் வந்தார். ஆனால் செருப்பில் ஒரு தூசி இல்லை, சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. சந்தேகப்பட்டு ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ஊரே பூங்காவை வட்டமடித்துக்கொண்டிருக்க, இவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் சாய்ந்துகொண்டு, பம்ப் மோட்டார் ஓடுவதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"கிளம்பின எடத்துக்கே திரும்பி வரதுக்கு எதுக்கு நடக்கணும்? செக்குமாடா நான்? ஒரு வேலைன்னா சொல்லு, போறேன். வேலையே இல்லாம சுத்துன்னா எப்படி?" என்றார்.

மகளிடம் போனில் சொல்லி அழுதாள். மகள் வீட்டிலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏறி இரண்டு மிதி மிதித்தார். இறங்கினார். "சக்கரம் பிடிக்குது" என்றார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சக்கரத்தை அழுத்திப் பிடித்திருந்த பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டினார்.

"இப்பப் பாரு. விரலால தட்டினாப் போதும், அதுவா சுத்தும்."

சுற்றியது. கேட்பாரற்றுச் சுற்றிக்கொண்டே இருந்தது. கால் கஷ்டப்படுவதற்கென்றே ஒருவன் கண்டுபிடித்த சாமானில் கஷ்டத்தைப் பழுது பார்த்துக் கொடுத்த மனுஷனை என்ன செய்வது? அவள் சிரித்தாள். பிறகு சமையலறைக்குள் போய் அழுதாள். அன்றிலிருந்து சைக்கிளில் துண்டு காய்ந்தது.

கடைசியில் அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தைத்த துணியைக் கொடுக்கப் போகிறோம், பை கனமாக இருக்கிறது என்று பொய் சொன்னாள். முனகிக்கொண்டே வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் யாரோ கேட்டைத் திறந்தார்கள். அது கிறீச்சிட்ட கிறீச்சில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"கேட்டியா? கீல்ல ஒரு சொட்டு எண்ணெய் கெடையாது. எப்படித்தான் இதைக் கேட்டுக்கிட்டுக் குடியிருக்காங்களோ."

அடுத்த தெருவில் இன்னொன்று கத்தியது. அதற்கும் நின்றார். திரும்பி வரும்போது அந்த இரண்டு கேட்டையும் பற்றியேதான் பேச்சு. மறுநாள் காலையில் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய்க் குப்பியை அவர் கையில் கொடுத்து, "போய் அந்தக் கேட்டுக்கு ரெண்டு சொட்டு விட்டுட்டு வாங்க. எனக்கே நேத்துலேர்ந்து காதுல அந்தச் சத்தமாத்தான் இருக்கு" என்றாள்.

"இந்த எண்ணெய் தண்ணியா ஓடும், கேட்டுல நிக்காது" என்று சொன்னவர், கடையிலிருந்து கெட்டி எண்ணெய் கொண்டுவந்து, அதை ஒரு பழைய குப்பியில் ஊற்றிக்கொண்டு தானாகவே கிளம்பினார். ஒருவரும் தள்ளவில்லை, இழுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் அவள் எழுந்து பார்த்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பார். ஒரு தெரு முடிந்தால் அடுத்த தெரு, அது முடிந்தால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். முதலில் கதவைத் தட்டிக் கேட்பார், சரி என்றால்தான் குப்பியைத் திறப்பார். சில வீட்டில் ஆளை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு அவர்களே, "மோட்டார் மாமா, பின் கதவும் கொஞ்சம் கத்துது" என்றார்கள். மழைக்குத் துருவேறினால் பழைய தெருவுக்கே திரும்பப் போக வேண்டும், ஆகவே வேலை தீர்ந்துபோகும் என்ற பயமும் இல்லை. மேல் மூச்சு வாங்குவது குறைந்தது. அவள் அவர் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். அவள் கையால் அதைப் பிரித்துப் பெரிதாக்கித்தான் பழக்கம்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதுதான் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துப் பயந்தவள், இப்போது ரோட்டில் போகிறவரை நினைத்துப் பயந்தாள். கடையிலாவது தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் இருந்தார்கள். பேர் தெரியாத தெருவில் விழுந்தால் யார் பார்ப்பார்கள்? போனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால், எண்ணெய்க் கையால் எப்படித் தொடுவது என்று மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போவார். அவர் திரும்புகிற நேரம் நெருங்கினால் அவள் கால் தானாக மிதிப்பதை நிறுத்திவிடும். மெஷின் சத்தம் அடங்கிய முன்னறையில், ஊசியைப் பார்த்தபடி, தன் வீட்டுக் கேட் கத்துவதற்காகக் காத்திருப்பாள். அது கத்தும். ஊரிலேயே மோசமான சத்தம் அதற்குத்தான். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வரும், மெஷினும் ஓடும்.

"ஊர்க் கேட்டுக்கெல்லாம் எண்ணெய், சொந்தக் கேட்டு மட்டும் கத்துது. யாராவது பார்த்தா சிரிப்பாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்பதோடு சரி.

ஒரு நாள் கேட் கத்தவில்லை.

வழக்கமான நேரம் தாண்டியது. பால் ஆறிப்போனது. வெயில் ஜன்னல் வழியாக ஏறித் துணியின் மேல் விழுந்தது. யாரோ சீருடை வாங்க வந்தார்கள், தப்பான சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எங்கே போய்த் தேடுவது? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தெருவைப் பிடித்திருப்பதாக முந்தின நாள் சொன்னது ஞாபகம் வந்தது. வேகமாக நடந்தாள். தெரு நீளமாக இருந்தது, ஆளரவம் இல்லை. சட்டென்று ஒன்று தோன்றி, முதல் வீட்டுக் கேட்டைத் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. கீலைத் தொட்டாள், விரலில் எண்ணெய் ஒட்டியது. இங்கே வந்திருக்கிறார். அடுத்த கேட்டையும் தள்ளினாள், சத்தமில்லை. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. "யாருங்க?" என்று ஒரு பெண் உள்ளேயிருந்து கேட்டாள். பதில் சொல்ல நிற்கவில்லை.

தெரு வளைகிற இடத்தில் ஒரு பச்சைக் கேட் இருந்தது. தள்ளினாள். அது அலறியது.

கடைசியாகப் பார்த்த கேட்டில் எண்ணெய் வழிகிறது, இதில் துருதான் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் என்னமோ ஆகிவிட்டது. நடுவில் வீடு இல்லை. புதர் மண்டிய காலி மனை, ஒரு வாய்க்கால், அதைத் தாண்டிக் குழந்தைகள் விளையாடுகிற சின்னத் திடல். வாய்க்காலைத்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

திடலில் ஊஞ்சல் சும்மா தொங்கியது. அதற்குப் பின்னால், குழந்தைகள் உட்கார்ந்து சுற்றுகிற இரும்பு ராட்டினத்துக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் இடுப்பைப் பிடித்துத் தைத்த பேன்ட். ஒரு காலில் செருப்பில்லை. கால்கள் அசையவில்லை.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். டாக்டர் சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தாள். எண்ணெய்க் குப்பியைக் கையில் கொடுத்து அனுப்பியது நான்தானே என்று நினைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மனுஷனை நிம்மதியாக விட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

செருப்பில்லாத காலின் பெருவிரல் ஆடியது.

"யாரது, திடல் வாட்ச்மேனா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "அந்தச் சின்ன ஸ்பானரை இப்படித் தள்ளி விடுங்க."

அவள் ராட்டினத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்த அழுகையில் ராட்டினமே ஆடியது. அவர் பதறிப்போய் ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"நீயா? என்னாச்சு? யாருக்கு என்ன?"

"உங்களுக்குத்தான்" என்றாள். "செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு, சின்னப் பிள்ளை பரிசுக் கோப்பையைக் காட்டுவதுபோல ராட்டினத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "இவ்வளவுதான் இடைவெளி, பாத்தியா? போன வருஷம்னா என் வயிறு உள்ள நுழைஞ்சிருக்குமா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்தபடி திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் ராட்டினத்தை ஒரு கையால் மெல்லத் தள்ளினார். அவளையும் வைத்துக்கொண்டு அது சத்தமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இறங்கும்போது தலை சுற்றியதால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை.

வீட்டுக் கேட்டை அவர் தள்ளினார். அது தெருவே கேட்கக் கத்தியது. அவளுக்கு அடங்கியிருந்த ஆத்திரமெல்லாம் திரும்ப வந்தது.

"யாரோ பெத்த பிள்ளைங்களோட ராட்டினத்துக்கு அடியில படுத்துக் கிடக்கத் தெரியுது. இந்த ஒரு கேட்டுக்கு ரெண்டு சொட்டு விட உங்களுக்கு மனசு வரலையா?"

அவர் குப்பியை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினார்.

"தினம் நான் தெருமுனை திரும்பறப்பவே உன் மெஷின் நின்னுபோயிருக்கும்" என்றார். "கேட்டு கத்தினப்புறம்தான் மறுபடி ஓடும். என் காதுக்கு இது தெரியாதா? அது பாட்டுக்குக் கத்தட்டும்னுதான் விட்டேன்."

அவள் உள்ளே போய்ப் பாலைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அது அவளோடு பிறந்தது. மறுநாள் காலையில் குப்பியோடு செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவரின் சட்டைப் பையில், ஒரு துணியில் சுற்றிப் போனை அவளே வைத்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள். "வரும்போது கேட்டை நல்லாத் தள்ளித் திறங்க."