மறதிக்கு ஒரு சாண்

ஏசி மாட்டுகிறவர்கள் வட்டாரத்தில் அவரை நட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெருமைப்படுகிற பட்டமல்ல. செம்புக் குழாயின் முனையைப் பூ மாதிரி விரித்து, பித்தளை நட்டு வைத்து மெஷினோடு இறுக்க வேண்டும். விரிப்பதற்கு முன்பே நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு தலைகீழாக நின்றாலும் நட்டு ஏறாது. முனையை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் செய்கிற தப்பு இது. நம்மவர் தலை நரைத்த பிறகும் விடாமல் செய்தார்.

மற்றபடி சுத்தமான கை. அவர் வளைத்த குழாய் எங்கும் நசுங்கியிருக்காது. சீவும்போது செம்புத் தூள் உள்ளே விழாதபடி குழாயின் வாயைக் கீழ்நோக்கியே பிடிப்பார். சுவரில் போடும் ஓட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் அறைக்குள் திரும்பாது. இவ்வளவும் நினைவிருக்கிற மனுஷனுக்கு அந்த நட்டு மட்டும் ஏன் நினைவில் நிற்கவில்லை என்பது யாருக்கும் புரியாத புதிர்.

அந்த மறதியைக் கட்டி மேய்த்தவர் மாப்பிள்ளை. நட்டுக்காரரின் தங்கச்சி புருஷன், அதற்கு முன்பிருந்தே தொழிலில் கூட்டாளி. உண்மையைச் சொன்னால், டூல் பெட்டி எடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்து வந்துதான் தங்கச்சியைக் கட்டினார். ஒரு பெட்டியை எடுக்க ஒருத்தன் இத்தனை தடவை எதற்கு வருகிறான் என்று நட்டுக்காரருக்குத் தோன்றவே இல்லை. பெண் கேட்டு வந்த அன்றைக்குத்தான் உறைத்தது.

வேலையில் மாப்பிள்ளை அறைக்குள்ளே, நட்டுக்காரர் வெளியே சன்ஷேடு மேலே. நடுவில் சுவர், சுவரில் ஓட்டை. பாதி வாழ்க்கையை இரண்டு பேரும் அந்த ஓட்டை வழியாகத்தான் பேசித் தீர்த்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் மனஸ்தாபம், மதியம் எந்தக் கடையில் சாப்பிடுவது, எல்லாம் அதில் போய் வரும். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமான விஷயம்கூட ஓட்டை வழியாகச் சுலபமாகப் போகும். என்ன ஒன்று, விரிக்கிற கருவியை நட்டுக்காரர் கையில் எடுக்கும் நேரம் பார்த்து எந்தப் பேச்சும் நின்றுவிடும்.

"நட்டு போட்டியா மச்சான்?"

"போட்டேன் மாப்ள."

போட்டிருக்க மாட்டார். வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு அவசர அவசரமாகக் கோப்பார்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. குழாய் வெட்டும்போது மாப்பிள்ளை அளவுக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டுவார். "இது உன் மறதிக்கு மச்சான்" என்பார். நட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தச் சாண் எத்தனையோ வீடுகளில் அவர் மானத்தைக் காப்பாற்றியது வேறு விஷயம்.

அப்படி இருந்தவர்கள் ஒரு பல் டாக்டர் வீட்டில் பிரிந்தார்கள். மாட்டிக் கொடுத்த ஏசி குளிரவில்லை, எங்கேயோ கேஸ் கசிகிறது. எந்தப் பக்கம் என்று டாக்டர் கேட்டார். சோப்பு நுரை தடவிப் பார்ப்பதற்கு முன்பே மாப்பிள்ளை, "வெளிப்பக்கமாத்தான் இருக்கும், மச்சான் இறுக்கினது" என்று சொல்லிவிட்டார். அந்நியர் முன்னால் சொன்னார், பார்க்காமலே சொன்னார். நட்டுக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனவர்தான். எந்தப் பக்கம் கசிந்தது என்று அவர் இன்றுவரை விசாரிக்கவில்லை.

அதன் பிறகு உள்ளே நிற்க யார் யாரோ வந்தார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. கடைசியில் நட்டுக்காரரே கேட்டுக்கொள்ளப் பழகினார். கருவியை எடுத்ததும் மாப்பிள்ளையின் கட்டைக் குரலில், "நட்டு போட்டியா மச்சான்?" என்பார். பிறகு தன் குரலில், "போட்டேன் மாப்ள." அப்படிக் கேட்டால்தான் கை நட்டைத் தேடும். போனில் பேசுகிறார் போல என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆள் வேண்டாம், ஆளுடைய குரல் மட்டும் வேண்டும். அப்படி ஒரு வீம்பு.

போன வாரம் தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, ஊரையே குளிர வச்சவர் வீட்டுல இன்னும் ஃபேன்தான் சுத்துது. இப்பதான் மெஷின் வாங்கியிருக்கோம். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க மாப்பிள்ளையால சன்ஷேடுல இறங்க முடியல. நீங்க வாங்க."

"வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க. எனக்கு வேணாம். ரெண்டு பேரும் இப்படியே பேசாம போய்ச் சேர்ந்துருவீங்களோன்னு பயமா இருக்குண்ணே."

போனார். பேச வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் முதல் வார்த்தை தன் வாயிலிருந்து வராது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். அறையில் மாப்பிள்ளை கட்டில் மேல் நின்று ஏதோ டேப் சுற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. பின்னந்தலை முழுக்க வெளுத்துவிட்டது, ஒரு கால் லேசாக வளைந்திருந்தது. தங்கச்சி இரண்டு டம்ளர் டீயையும் வேண்டுமென்றே ஒரே ஸ்டூலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

உள்வேலை எல்லாம் மாப்பிள்ளை முடித்திருந்தார். நட்டுக்காரர் ஜன்னல் வழியாக சன்ஷேடில் இறங்கினார். ஓட்டையில் குழாய் எட்டிப் பார்த்தது. இழுத்தார். வெளி மெஷினின் வாய் வரை வந்து நின்றுவிட்டது. சரியான அளவு. ஒரு விரல்கூட அதிகமில்லை.

ஆக, சாண் விடாமலே வெட்டிவிட்டான். நட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. பேசாவிட்டால் போகிறது, எனக்கென்று ஒரு சாண் விடக்கூடவா மனசில்லை? கண் கலங்கியதை வெயில் மேல் பழி போட்டுவிட்டு, முனையைச் சீவினார், கருவியை எடுத்தார். பழக்க தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனே நிற்கிறான் என்று அப்புறம்தான் நினைவு வந்தது. அவன் வீட்டிலேயே அவன் குரலில் பேசினால் இருக்கிற மானமும் போய்விடும். வாயை இறுக மூடிக்கொண்டு குழாயை விரித்தார்.

அருமையாக விரிந்தது. பூ என்றால் அப்படி ஒரு பூ.

நட்டு சட்டைப் பையில் இருந்தது.

தலையில் கை வைத்துக்கொண்டு சன்ஷேடு மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்டினால் குழாய் எட்டாது. உள்ளே நிறைய நேரமாகச் சத்தமே இல்லை. யாரோ காதை ஓட்டையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு அமைதி. நட்டுக்காரர் ஓட்டைப் பக்கம் குனிந்தார். அவ்வளவு காலமும் சொல்லாத உண்மையைச் சொன்னார்.

"நட்டு போடல மாப்ள."

குழாய் அசைந்தது. உள்ளே எதுவோ உரசுகிற சத்தம் கேட்டது. குழாய் மெல்ல, நசுங்காமல், ஓட்டை வழியாக வெளியே வர ஆரம்பித்தது.

"இழு மச்சான். மிச்சக் குழாயை பீரோ மேல சுத்தி வச்சிருக்கேன். இந்தத் தடவை ரெண்டு சாண். வயசாயிடுச்சுல்ல உனக்கு."

நட்டுக்காரர் முனையை வெட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் காரியமாக நட்டைக் கோத்தார். பிறகு கருவியை எடுத்தார்.

"நட்டு போட்டியா மச்சான்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, மாப்பிள்ளை கேட்பதற்கு முன்பே போட்டிருந்தார். சொல்லத்தான் குரல் எழும்பவில்லை. உள்ளிருந்து மாப்பிள்ளை மறுபடியும் கேட்டார்.