நேராக உள்ளே, நேராக வெளியே

"நேரா உள்ள வந்து நேரா வெளிய போற மாதிரி எடம் இருக்கா கண்ணு?"

தொலைபேசியை எடுத்தால் கிளைவ் ட்ரெலோர் முதலில் கேட்பது இதைத்தான். வெந்நீர் உண்டா, கடல் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அப்புறம். செடூனாவிலோ எஸ்பரன்ஸிலோ காரில் இழுத்துவரும் வீடுகளை நிறுத்தித் தங்கும் ஏதோ ஒரு கேரவன் பார்க்கின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் "இருக்கு" என்றால், சமையலறை மேசையில் விரித்திருக்கும் வரைபடத்தில் அந்த ஊரின் மேல் ஒரு காய்ந்த பட்டாணியை வைப்பார். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊரைக் கூப்பிடுவார். எங்கள் போர்ட் அகஸ்டாவில் தொடங்கி, மரமில்லாச் சமவெளியைத் தாண்டி, மேற்கு மாநிலத்துத் தென்கடற்கரையின் ஆல்பனி வரைக்கும் பட்டாணிகள் நீண்டு கிடக்கின்றன. அவருடைய மனைவி க்ளெனிஸ் அவற்றை அசைக்காமல் மேசை ஓரத்தில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டார்.

கிளைவ் என் பக்கத்து வீட்டுக்காரர். ரயில் ஓட்டியவர். அந்தச் சமவெளியின் குறுக்கே சரக்கு ரயிலை இழுத்துக்கொண்டு போய்த் திரும்புவதிலேயே அவருடைய வேலைக்காலம் கழிந்தது. பாதி நேரம் ஓட்டுவார். மறுபாதி, எஞ்சினுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பெட்டியில் தூங்குவார், முட்டை பொரித்துச் சாப்பிடுவார். அதனாலோ என்னவோ, ஓய்வு பெற்றதும் அவர் தேடியது வீட்டையே பின்னால் கட்டி இழுக்கும் ஒரு வழியைத்தான்.

க்வார்ன் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கேரவன் கிடைத்தது. அறுபதுகளில் ஒட்டுப்பலகையால் செய்தது, முட்டை வடிவம். அப்போது அதில் கோழிகள் குடியிருந்தன. கிளைவ் கோழிகளைக் கேட்டுக்கொண்டு வெளியேற்றினார் என்று க்ளெனிஸ் சொல்வார். அழுகிய பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதுப் பலகையை ஈரத்துணி சுற்றி, வளைத்து, கட்டி, காயவிட்டு, மறுபடி வளைத்தார். மூன்று குளிர்காலம் அதிலேயே போயிற்று. தகரத் தொட்டி, கையால் அடித்துத் தண்ணீர் எடுக்கும் குட்டிக் குழாய், ஐஸ் கட்டி வைக்கும் பெட்டி எல்லாம் அந்தக் காலத்துச் சாமான்களே. சாயம் மட்டும் அவர் இஷ்டம். கீழே கருஞ்சிவப்பு, மேலே வெள்ளி: பழைய ரயில் எஞ்சினின் நிறம். ரயில்வே பட்டறையில் மிஞ்சிய சாயமா என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. கடுகு மஞ்சள் திரைச்சீலைதான் அசல் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் க்ளெனிஸ் ஒப்பவில்லை. "அதுக்குள்ள படுத்தா மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருக்கும்" என்று நீலக் கட்டம் போட்டதைத் தைத்து மாட்டினார்.

திட்டம் என்றால் கிளைவுக்குக் கால அட்டவணை. மதியத்துக்கு மேல் மேற்குக் காற்று எதிரே அடிக்கும் என்பதால் காலையில்தான் ஓட்ட வேண்டும். கங்காருகள் சாலைக்கு வரும் முன், வெயில் தாழ்வதற்குள் நிறுத்திவிட வேண்டும். மேற்கு மாநில எல்லையில் பழம், காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள், பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே எல்லைக்கு முந்தின சாயங்காலம் வெங்காய சூப் என்று முடிவாகியிருந்தது. மிஞ்சும் தேனை என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தார். "நக்கிருவேன்" என்றார் கடைசியில், வேடிக்கையாக இல்லை, தீர்மானமாக.

காரிலும் அவர் ரயில்தான் ஓட்டுகிறார். எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுகிறவர் சிக்னலின் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேக்கரி முனையில் விளக்கு மாறியதும் கிளைவ் "பச்சை" என்பார். பக்கத்தில் க்ளெனிஸ் "பச்சை" என்று சொன்னால்தான் கார் நகரும். கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு அவர் மறந்துவிட்டால், பின்னால் எத்தனை பேர் ஒலி எழுப்பினாலும் கிளைவ் காத்திருப்பார். கிறுக்கு என்று நினைத்திருக்கிறேன். தான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்த பிறகே நம்புவது என்பதில் கொஞ்சம் விவேகமும் இருக்கலாம்.

இந்தப் பயணத்தைக் கேட்டது க்ளெனிஸ். ஏன் என்று ஒருமுறை வேலி ஓரத்தில் கேட்டேன். துணி உலர்த்துவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து பாதி வாழ்க்கை இந்த மனுஷன் அந்தப் பக்கம்தான இருந்திருக்காரு. மூத்தவ பொறந்தப்பவும் அங்கதான். அது எப்பிடி இருக்கும்னு நான் ஒரு தடவையாவது பாக்க வேணாமா?" நெடுஞ்சாலைக்கு வெகு வடக்கே ஓடுகிறது ரயில் பாதை. வழியில் ஓர் இடத்தில் கேரவனைக் கழற்றிவிட்டு, மண் சாலையில் நாள் முழுக்கக் குலுங்கிப் போனால் தண்டவாளத்தைத் தொடலாம். வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் பட்டாணிக்குப் பதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது.

இத்தனை திட்டத்துக்கும் அடியில் இருந்தது ஒரு சின்ன விஷயம். கிளைவுக்குக் கேரவனைப் பின்னால் எடுக்கத் தெரியாது.

பின்னால் ஒரு வண்டி கட்டியிருக்கும்போது அது வலப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். திரும்பத் தொடங்கியதும் உடனே நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் பேனாக்கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் தண்டவாளம் விட்ட வழியில் முன்னோக்கி மட்டுமே போன மனிதருக்கு இது பிடிபடவில்லை. ஞாயிறு காலைகளில் கால்பந்து மைதானத்துக் காலியிடத்தில் சாய டப்பாக்களை வரிசையாக வைத்துப் பழகினார். க்ளெனிஸ் பின்னால் நின்று கையாட்டுவார். "இடது, இடது" என்பார். "யாரோட இடது?" என்று உள்ளேயிருந்து கத்துவார் கிளைவ். டப்பா நசுங்கும். இத்தனைக்கும் க்ளெனிஸ் ஓரரூ என்ற ஊர்ப்பக்கத்துக் கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஆடுகளை ஏற்றும் வண்டியை டிராக்டரில் கட்டி, கதவிடுக்கில் பின்னால் நுழைத்தவர். "நான் எடுக்கட்டுமா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். "நான்தான் டிரைவர்" என்றார் கிளைவ். அதன் பிறகு க்ளெனிஸ் கேட்கவில்லை. "அவரா கேட்டா எடுப்பேன். நானாப் போய்ப் புடுங்க மாட்டேன்" என்றார் என்னிடம்.

பின்னால் எடுக்கத் தெரியாததைவிட அவருக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கேரவன் பார்க்குகளில் மாலையானால் எல்லோரும் மடக்கு நாற்காலியைப் போட்டு, கையில் பீருடன், புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பார்ப்பார்கள். அதைவிட நல்ல பொழுதுபோக்கு அங்கே கிடையாது. நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். எத்தனையோ தம்பதிகள் அந்தப் பத்தடிக்குள் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அதற்குத்தான் அந்தப் பட்டாணிகள். ஒரு கண்டத்தின் குறுக்கே போய்த் திரும்பும் பயணத்தில் ஒருமுறைகூடப் பின்னால் போக வேண்டியிராதபடி அவர் வழி கண்டுபிடித்திருந்தார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பயத்தைச் சுற்றிச் சாலை போட்டால் பயம் நடுவில் அப்படியே நிற்கும். அதனால் நல்ல திட்டம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மைதானத்தில் நடந்த கடைசிப் பயிற்சியன்று, நாய்களோடு நடக்க வந்தவர்கள் நின்று பார்க்க, கிளைவ் ஜன்னல் வழியே க்ளெனிஸைப் பார்த்து இரைந்தார். க்ளெனிஸ் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். அன்று மாலை வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல், சொன்னார்: "இன்னொரு தடவ நாலு பேரு முன்னாடி என்னைப் பாத்துக் கத்தினா, கேரவன வித்துரு. நான் பாக்காமலே இருந்துட்டுப் போறேன் உன் தண்டவாளத்த."  மறுநாள் கிளைவ் இன்னும் நிறைய ஊர்களைக் கூப்பிட்டார்.

புறப்படும் முன் ஒத்திகையாக மலைப்பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றுக்கு ஓர் இரவு தங்கப் போனார்கள். கூடாரத்தோடு நானும் போனேன். இடம் முன்பே சொல்லி வைத்ததுதான், நேராக உள்ளே, நேராக வெளியே. ஆனால் அங்கே பேருந்து அளவு வண்டி ஒன்று அச்சு முறிந்து கிடந்தது. மெக்கானிக் வர மறுநாள் ஆகும். அலுவலகப் பெண் வருத்தப்பட்டு, ஓடை ஓரத்தில் யூக்கலிப்டஸ் மரத்தடியில் மீதமிருந்த ஒரே இடத்தைக் காட்டினார். அதற்குள் பின்னால் எடுத்துத்தான் போக முடியும்.

வண்டியின் நிறத்தைப் பார்த்தே நாற்காலிகள் திரும்பிவிட்டன. சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர், "காட்சி ஆரம்பிச்சாச்சு, எனக்கும் ஒரு பீர் எடுத்துட்டு வாங்கப்பா" என்று பின்னால் குரல் கொடுத்தார். முதல் முறை கேரவன் கழிப்பறைப் பக்கம் போயிற்று. "அவசரம் போல" என்றார் தொப்பிக்காரர். இரண்டாம் முறை அது மடங்கத் தொடங்கி, காரோடு இணைக்கும் கொக்கி முனகியது. பின்னால் நின்ற க்ளெனிஸ் கையாட்டிக்கொண்டே இருந்தார். கிளைவின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது, வாய் திறந்தது.

க்ளெனிஸ் கைகளைக் கீழே போட்டார். அவ்வளவுதான் செய்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளைவ் வாயை மூடினார். எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேரவனின் நீளம் முழுக்க நடந்து வந்தார்.

"என்னப்பா, விட்டுட்டியா?" என்றார் தொப்பிக்காரர்.

"விடல. டிரைவர் மாத்துற ஸ்டேஷன் வந்துருச்சு" என்றார் கிளைவ் அவர் பக்கம் திரும்பாமலே, சாவியை நீட்டிக்கொண்டு.

க்ளெனிஸ் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. "கேக்குறியா, சொல்றியா?"

கிளைவ் சாவியை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "கேக்குறேன்."

க்ளெனிஸ் ஏறி இருக்கையை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார். க்ளெனிஸ் நின்றிருந்த இடத்துக்குக் கிளைவ் போனார். எஞ்சினில் ஏறுவதற்கு முன்பு, இளவயதில், ரயில் நிலைய யார்டில் ஷண்டிங் வேலை பார்த்தவர் அவர். பெட்டிகளைக் கோக்கும்போது எட்ட இருக்கும் டிரைவருக்குக் கையால் காட்டுவதுதான் வேலை. அந்தக் கைகள் இன்னும் மறக்கவில்லை. ஒரு கை மெதுவாகச் சுழன்றால் வா. இரண்டு உள்ளங்கைகளும் நெருங்க நெருங்க, இடைவெளி இவ்வளவுதான். இடதா வலதா என்ற பேச்சே அதில் இல்லை. கேரவன் ஒருமுறை வளைந்தது, நேரானது, மரத்தடிக்குள் போயிற்று. கிளைவின் இரு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்தன. வண்டி நின்றது. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். சரியாக இருந்தது. தொப்பிக்காரர் நாற்காலியை ஓடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பிய பின் மறுபடி தொலைபேசிப் பேச்சு கேட்டது. "கடலு நல்லாத் தெரியுற எடம் எது கண்ணு? பின்னாடி எடுக்கணும்னாலும் பரவால்ல. எங்கிட்ட டிரைவர் இருக்காங்க." பட்டாணிகளில் பல இடம் மாறின. சிவப்புப் பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது.

மே மாதம், காற்று குளிர்ந்திருந்த ஒரு காலையில் கிளம்பினார்கள். ஓட்டும் வேலையை எஞ்சினில் போலவே முறை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் முறை க்ளெனிஸுடையது. ரொட்டி வாங்கப் போன நான் பேக்கரி முனையில் நின்றிருந்தபோது, கருஞ்சிவப்பும் வெள்ளியுமாக அது வந்து சிவப்பு விளக்கில் நின்றது. ஜன்னல்கள் இறங்கியிருந்தன. கிளைவ் இடப்பக்கத்து இருக்கையில், முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு, என்னைக் கவனிக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு மாறியது.

"பச்சை" என்றார் க்ளெனிஸ்.

பின்னால் நின்ற லாரி ஒலி எழுப்பியது. க்ளெனிஸ் நகரவில்லை. கிளைவ் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி விளக்கை இன்னொரு முறை நன்றாகப் பார்த்தார்.

"பச்சை" என்றார்.