கார் வேண்டும், அத்தை வேண்டாம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புத் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தலையில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய சுவிட்சா என்று கேட்பார்கள். இது என் அத்தையின் அம்பாசிடர் காரில் இருந்த ரோட்டர். அந்தக் காலத்துக் கார்களில், எஞ்சின் ஓடும்போது சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டு கொடுத்தது இதுதான். இதைக் கழற்றிவிட்டால் வண்டி கிர்ர் கிர்ர் என்று கத்தும், ஆனால் பிடிக்காது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் பிடிக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. மாமா நத்தம் பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்தவர். சாகிற வயதே இல்லை, மாரடைப்பில் போய்விட்டார். அத்தை திண்டுக்கல்லுக்குத் திரும்பிவந்து எங்களுக்கு அடுத்த தெருவில் குடியேறியபோது அந்தக் காரும் கூடவே வந்தது. வெண்ணெய் நிறம். முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும், நெருக்கி உட்கார்ந்தால் ஒரு குடும்பமே அதில் அடங்கிவிடும். "பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி? வித்துத் தொலை" என்றார் பெரியப்பா. அவர்தான் குடும்பத்துக்கு மூத்தவர். அப்பா அவருக்கு எதிரே நின்று பேசியதே இல்லை. அத்தை பேசினாள். "வண்டி ஒங்க வாசல்லயா நிக்குதுண்ணே?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைக்கூட எங்கள் ஆட்கள் மன்னித்துவிட்டார்கள். காருக்கு அடியில் படுத்ததைத்தான் மன்னிக்கவில்லை. ஒரு தடவை வேலைக்கு விட்ட வண்டி, இன்று நாளை என்று ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு தன்னால் ஆகிற வேலை எதையும் அத்தை வெளியே கொடுக்கவில்லை. மாமாவின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, சாக்கை விரித்து, தெருவே பார்க்க வண்டிக்கு அடியில் போய்விடுவாள். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பாள். ஸ்டீயரிங்கை ஒட்டியிருக்கும் கியர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். நடுரோட்டில் இறங்கி, பானட்டைத் தூக்கி, ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவாள். சிறுமலை வளைவுகளில் ரேடியேட்டர் பொங்கினால் கல்லில் உட்கார்ந்து மலைவாழைப்பழம் உரித்துத் தின்பாள். "அதுக்குக் கோபம் தணியட்டும்" என்பாள். நகக்கண்ணில் கிரீஸ் இருப்பதைப் பெரியம்மா ஒருநாள் குத்திக்காட்டியபோது, "இது மண்ணெண்ணெய் போட்டாப் போயிரும் மதினி. நாக்குல இருக்குற அழுக்குக்கு என்ன போடுறது?" என்றாள்.

வண்டி பழசு. எந்தச் சாவியை விட்டுத் திருகினாலும் திறந்துகொள்ளும். அதனால் மார்க்கெட்டுக்குப் போனால்கூட இந்த ரோட்டரைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டுதான் இறங்குவாள். மற்றப் பெண்கள் சில்லறை முடிகிற இடத்தில் அவள் காரையே முடிந்து வைத்திருந்தாள்.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். பெரியப்பாவின் இரண்டு மருமகன்களும் அதில்தான் ஊர்வலம் வந்தார்கள். ஆனால் கார் மட்டும்தான் வர வேண்டும். புருஷனை இழந்தவள் மாப்பிள்ளைக்கு எதிரே வரக்கூடாதாம், அவள் ஓட்டுகிற வண்டியில் மாலையும் கழுத்துமாய் உட்காரக் கூடாதாம். கூலிக்கு ஓர் ஆள் வருவான். நாதஸ்வரத்துக்குப் பின்னால் அரைக் கிளட்சிலேயே தெருத்தெருவாக ஊர்ந்து, பிளேட்டைத் தீய்த்துக் கொடுத்துவிட்டுப் போவான். மறுநாள் வாடிய பூவை எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு அத்தை அடியில் படுப்பாள். அவள் தொட்டுச் சரிசெய்த எஞ்சினுக்குத் தீட்டு இல்லை, அவளுக்குத்தான் தீட்டு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. "ஒன் ஊர்வலத்துக்கு நான்தேன் ஓட்டுவேன் அப்பு" என்று அத்தை சொன்னாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள். பெரியப்பா முடியவே முடியாது என்றார். அப்பா தரையைப் பார்த்தார்.

ஊர்வலத்தன்று பிற்பகல் பிள்ளையார் கோயில் வாசல் வரைக்கும் காரை ஓட்டி வந்தவள் அத்தைதான். பூ வைக்கிற வரை அவள் ஓட்டலாம், பூ வைத்துவிட்டால் தொடக்கூடாது. "செத்த நேரம் இருங்க, தண்ணி பாத்துட்டு வாரேன்" என்று பானட்டைத் தூக்கினாள், மூடினாள். சாவியைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு எதிரே சோடாக் கடை ஓரமாய்ப் போய் நின்றுகொண்டாள். சண்டை போடாமல் அவள் சாவியைக் கொடுத்தபோதே பெரியப்பா சுதாரித்திருக்க வேண்டும்.

பானட் முழுக்கப் பூவலை போர்த்தினார்கள். நான் கோட்டும் ரோஜா மாலையுமாகப் பின் சீட்டில் ஏறினேன். டிரைவர் சாவியைத் திருகினான். கிர்ர் கிர்ர். மறுபடியும் கிர்ர் கிர்ர். பெட்ரோல் இருந்தது, பேட்டரி இருந்தது. சொந்தக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை தள்ளினார்கள், திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே மறுபடி வாசித்தார். பானட்டைத் திறக்கலாம் என்று டிரைவர் போனால், "பூவைப் பிய்க்காதடா, அபசகுனம்!" என்று பெரியப்பா கத்தினார். நான் கண்ணாடி வழியாகச் சோடாக் கடையைப் பார்த்தேன். அத்தை நிதானமாக முந்தானை முடிச்சை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

பெரியப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவளிடம் போனார். "என்னத்தா செஞ்ச வண்டியை?"

"வண்டி நல்லாத்தேன் இருக்கு. ஓட்டுற ஆளு மாறினா ஓடும்."

"வெளையாடாத. எல்லாரும் பாக்குறாக, மானம் போகுது."

"எம் மானம் போனப்ப எல்லாம் அதே வண்டியில ஏறித்தான போனீக, அண்ணே?"

நான் மாலையோடு இறங்கிவிட்டேன். "அத்தை ஓட்டினா ஏறுறேன். இல்லைன்னா மண்டபத்துக்கு நடந்தே வாரேன்" என்றேன். அத்தை சாலையைக் கடந்து, நேர் எதிரே, என் முகத்தைப் பார்த்தபடியே நடந்து வந்தாள். எது கூடாது என்றார்களோ அதே. பூவலையை இரண்டு கையாலும் வாரி ஒதுக்கினாள். பானட்டைத் தூக்கி, ரோட்டரைப் பொருத்தி, பட்டுச்சேலையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். முதல் திருகிலேயே பிடித்தது. மண்டபம் வரைக்கும் முதல் கியரில், கிளட்சை ஒரு இடத்தில்கூட அரைக்காமல் கொண்டுபோனாள். மறுநாள் தாலி கட்டும்போது முதல் வரிசையில் நின்று அட்சதை போட்டாள். யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பிறகு காருக்குப் புது ரோட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, இதை எனக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தாள். அவள் ஓட்டினதால் என் குடும்பம் விளங்காது என்றவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் என் மனைவியும் இன்றைக்கும் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம்.

அத்தை இப்போது இல்லை. காரும் இல்லை. ஆனால் புருஷனை இழந்தவள் எதிரே வரக்கூடாது என்ற அந்தப் பேச்சு மட்டும் சாகவில்லை. போன மாதம் என் மகனின் கல்யாணம். புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகாத என் தங்கை, ஊர்வலக் கார் புறப்படும்போது தூண் மறைவுக்குத் தானாகவே ஒதுங்கினாள். யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒதுங்கும்படி பழக்கிவைத்திருக்கிறார்கள், அதுதான் என்னைச் சுட்டது. இந்தக் காலத்துக் கார்களில் ரோட்டர் கிடையாது. சாவி இருக்கிறதே! டிரைவரிடமிருந்து அதை வாங்கினேன். பையில் கொண்டு போயிருந்த இந்தக் கறுப்புத் துண்டையும் சேர்த்து என் தங்கையின் முந்தானையில் முடிந்துவிட்டேன். நேரமாகிறது என்று யாரோ கத்தினார்கள். "கத்தட்டும்" என்றேன். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து டிரைவரிடம் சாவியைக் கொடுத்த பிறகுதான் கார் புறப்பட்டது.